முதல் கோச் – டாக்டர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்

நம் கல்லூரியில் படித்துப் போனவர்களில் பலருக்கு வகுப்பறையைவிட பேஸ்கட்பால் கோர்ட்தான் நன்றாக ஞாபகம் இருக்கும். இன்று நம்மில் சிலர் பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் சின்னப் பசங்களுக்குக் கோச்சாக நிற்கிறோம். முதல் நாள் விசிலைக் கையில் எடுக்கும்போது வயிற்றுக்குள் ஒரு கலக்கம் வருமே, அது எல்லோருக்கும் பொது. இந்த ஆட்டத்தின் முதல் கோச்சும் அதைத் தாண்டித்தான் வந்தார். அவர் கதையை இன்றைய மாணவ மாணவியருக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1861 நவம்பர் 6-ஆம் தேதி, கனடாவில் ஒண்டாரியோ மாநிலத்தின் ஆல்மாண்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள். 1870-ல் டைஃபாய்டு காய்ச்சலில் தாய், தந்தை இருவருமே போய்விட்டார்கள். மாமா வீட்டில் வளர்ந்த பையன் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மரம் வெட்டும் முகாம்களில் வேலைக்குப் போனார். சில வருஷம் கழித்துத் திரும்பி வந்து, தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார்ந்து படித்து முடித்தார். மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். அடுத்து பாதிரியார் படிப்பையும் முடித்தார். ஆனால் இளைஞர்களைப் பிரசங்க மேடையைவிட மைதானத்தில்தான் நெருங்க முடியும் என்று அவருக்குத் தோன்றியது. 1890-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்கு வந்து, பின் அங்கேயே ஆசிரியரானார்.

1891 குளிர்காலம். வெளியே ஒரே பனி. உள்ளே ஜிம்னாசியத்தில் 18 மாணவர்கள் கொண்ட ஒரு வகுப்பு. தினமும் அதே டிரில், அதே கசரத்து என்று வெறுத்துப்போன பசங்க. ஏற்கெனவே இரண்டு ஆசிரியர்கள் இவர்களோடு மல்லுக்கட்ட முடியாமல் கைவிட்டிருந்தார்கள். உடற்கல்வித் துறைத் தலைவர் லூதர் குலிக் அந்த வகுப்பை நெய்ஸ்மித்தின் தலையில் கட்டினார். உள்ளரங்கில் ஆட ஒரு புது ஆட்டத்தைக் கண்டுபிடிக்க 14 நாள் கெடு.

கால்பந்தை உள்ளே ஆடவிட்டார். லக்ராஸை ஆடவிட்டார். எல்லாம் அடிதடியில்தான் முடிந்தது. கெடு முடியும் நேரம் வந்துவிட்டது. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? பசங்க சரியில்லை சார் என்று ஹெச்.ஓ.டி.யிடம் போய் நின்றிருப்போம். நெய்ஸ்மித் அப்படிச் செய்யவில்லை. கோளாறு பசங்களிடம் இல்லை, கொடுக்கிற ஆட்டத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

அடிதடி எதனால் வருகிறது? ஒருவன் பந்தோடு ஓடுகிறான், மற்றவன் அவனைப் பிடித்து விழத்தட்டுகிறான். அப்படியென்றால் பந்தோடு ஓடக்கூடாது என்று வைத்தால்? விழத்தட்ட அவசியமே இல்லை. கோல் தரையில் நின்றால் பலம் கொண்ட மட்டும் பந்தை அடிப்பார்கள். அதைத் தலைக்கு மேலே, வாய் வானம் பார்க்க வைத்தால்? மெதுவாக வளைத்துத்தான் போட வேண்டும். சின்ன வயதில் ஊரில் அவர் ஆடிய ஓர் ஆட்டம் இங்கே கை கொடுத்தது. பாறை மேல் ஒரு கல்லை வைத்து, தூரத்திலிருந்து கல்லெறிந்து அதை விழத்தட்டும் ஆட்டம் அது. நம்மூர் ஏழு கல் மாதிரி. வேகமாக எறிவதைவிட வளைத்துப் போடுவதில்தான் லாபம் என்று அதில் படித்திருந்தார்.

மாட்டுவதற்குப் பெட்டி கேட்டார். பள்ளியின் பராமரிப்பு ஊழியரிடம் பெட்டி இல்லை, இரண்டு பீச் பழக்கூடைகள்தான் இருந்தன. பால்கனி விளிம்பில் ஆணி அடித்து மாட்டினார்கள். அந்த விளிம்பு தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. இன்றும் ரிங்கின் உயரம் அதேதான்! 13 விதிகளை டைப் அடித்து ஒட்டினார். அணிக்கு ஒன்பது பேர். ஒரு கால்பந்தைக் கொடுத்து ஆடச் சொன்னார். அந்த முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை. ஆனால் தொல்லை வகுப்பு என்று பெயர் வாங்கிய அதே 18 பேர்தான் இந்த ஆட்டத்தை வெளியே கொண்டுபோனார்கள். ஆட்டத்துக்கு அவர் பெயரையே வைக்கலாம் என்று ஒரு மாணவர் சொன்னபோது சிரித்து மறுத்துவிட்டார்.

பிறகு டென்வரில் மருத்துவம் படித்து டாக்டரானார். 1898-ல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1907 வரை அங்கே கூடைப்பந்துக் கோச்சாக இருந்தார். கணக்கு என்ன தெரியுமா? 55 வெற்றி, 60 தோல்வி. அந்தப் பல்கலைக்கழகத்தின் கோச்சுகளில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் உள்ளவர், ஆட்டத்தைக் கண்டுபிடித்த இவர் ஒருவரே! கூடைப்பந்து ஆடுவதற்கு, கோச்சிங் கொடுப்பதற்கில்லை என்பது அவர் எண்ணம். தன் மாணவர் ஃபாக் ஆலனிடமும் அதையே சொன்னார். ஆலன் கேட்கவில்லை. குருவுக்குப் பின் அதே இடத்துக்கு வந்து, கன்சாஸில் மட்டும் 590 ஆட்டங்களை ஜெயித்தார். குரு அதில் வருத்தப்படவில்லை.

1930-களில் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் கன்சாஸில் சேர்ந்தார். நிறவெறி காரணமாகப் பல்கலைக்கழக அணியில் அவரால் ஆட முடியவில்லை. நெய்ஸ்மித் அவருக்கு வழிகாட்டியாக இருந்து, கோச்சாகும் வழியைக் காட்டினார். மெக்லெண்டனின் டென்னசி அணி 1957, 1958, 1959 என்று தொடர்ந்து மூன்று வருஷம் தேசியப் பட்டம் வென்றது. 55–60 கணக்கில் இது ஏறாது. ஏற வேண்டியது இதுதான் என்பேன்.

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து பதக்க ஆட்டமாகச் சேர்ந்தது. கோச்சுகள் சங்கம் திரட்டிய பணத்தில்தான் நெய்ஸ்மித் அங்கே போனார். கொட்டும் மழையில் நடந்த இறுதி ஆட்டத்தில், அவர் வாழ்ந்த அமெரிக்கா, அவர் பிறந்த கனடாவை 19–8 என்று வென்றது. 1939 நவம்பர் 28-ல் காலமானார்.

நமக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக், அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர்.

தம்பி தங்கைகளே, நாளை உங்களில் ஒருவர் கையிலும் விசில் வரும். எதிரே நிற்கும் பசங்க சொன்ன பேச்சைக் கேட்காமல் இருக்கலாம். பந்து ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம் ஓடலாம். அப்போது அந்த 18 பேரை நினைத்துக்கொள்ளுங்கள். பசங்களை மாற்றுவதற்கு முன்னால், நாம் கொடுக்கும் ஆட்டத்தை ஒருமுறை மாற்றிப் பார்ப்போமே!