சர்க்கஸ் போட்டோ, கல்லறைக் கல், வெட்டப்பட்ட டைரி: புதுச்சேரிக்கு வந்த பியேர் லோத்தியின் பொருட்கள் சொல்லும் கதை என்ன?

ஒருவர் வாய் திறந்து சொல்லாததை அவர் பத்திரப்படுத்திய பொருட்கள் சொல்லிவிடுமா? பால்புதுமையினரின் வரலாற்றைத் தேடுபவர்கள் அடிக்கடி சந்திக்கும் கேள்வி இது. வெளிப்படையாகப் பேச முடியாத காலத்தில் வாழ்ந்தவர்கள் விட்டுச் சென்றது பெரும்பாலும் கடிதம், போட்டோ, உடை, மோதிரம் போன்ற சின்னச் சின்னப் பொருட்களைத்தான்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம், நம்ம புதுச்சேரியையும் பார்த்துவிட்டுப் போன பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் லோத்தி. அவர் வாழ்ந்த வீடு, 13 ஆண்டு சீரமைப்புக்குப் பிறகு 2025 ஜூனில் அருங்காட்சியகமாக மீண்டும் திறக்கப்பட்டது.

யார் இந்த பியேர் லோத்தி?

இயற்பெயர் ஜூலியன் வியோ. 1850 ஜனவரி 14 அன்று பிரான்ஸின் ரோஷ்ஃபோர் துறைமுக நகரில் பிறந்தார். கடற்படை அதிகாரியாக உலகம் முழுக்கச் சுற்றினார். 1872-ல் தாஹிதி தீவுக்குப் போனபோது அங்கிருந்தவர்கள் வைத்த செல்லப் பெயர்தான் லோத்தி. அது ஒரு பூவின் பெயரிலிருந்து வந்தது.

1879-ல் வெளியான முதல் நாவல் 'அசியாதே'. அடுத்தடுத்த நாவல்களால் பிரான்ஸில் அதிகம் படிக்கப்பட்ட எழுத்தாளர்களில் ஒருவரானார். 1891-ல் பிரெஞ்சு அகாதமிக்கு நடந்த தேர்தலில் எமில் ஸோலாவையே தோற்கடித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரிக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

சின்ன வயதிலேயே தொடங்கிய உறவு இது. ரோஷ்ஃபோரில் இருந்த வயதான உறவுக்காரப் பாட்டி ஒருவர், புதுச்சேரியில் இருந்த தன் தோழியைப் பற்றிப் பேசுவார். அங்கிருந்து வந்த பழைய கடிதங்களைப் படித்தும் காட்டுவார். பையனின் மனதில் ஊர் பதிந்தது அப்படித்தான்.

இன்னொரு உறவு துயரமானது. அவருடைய அண்ணன் குஸ்தாவ் கடற்படை மருத்துவர். 1865-ல் ஊர் திரும்பும் வழியில் கப்பலிலேயே இறந்துபோனார். உடல் வங்காள விரிகுடாவில் இறக்கப்பட்டது. லோத்திக்கு அப்போது 15 வயது. புதுச்சேரி கடற்கரையில் நாம் பார்க்கும் அதே கடல்தான் அவருக்கு அண்ணனின் கல்லறை.

1899 கடைசியில் இலங்கையில் இறங்கிய லோத்தி, திருவிதாங்கூர், மதுரை, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர் வழியாக 1900-ல் புதுச்சேரி வந்தார். பழைய பிரெஞ்சு வீடுகளும் ஆளரவம் இல்லாத தெருக்களும் அவருக்குச் சொந்த ஊரை நினைவுபடுத்தின. இந்தப் பயணம் 1903-ல் புத்தகமானது. அதன் தலைப்பைத் தமிழில் 'ஆங்கிலேயர் இல்லாத இந்தியா' எனலாம்.

சர்க்கஸ் போட்டோ என்ன சொல்கிறது?

இளம் அதிகாரியாக இருந்தபோது ஜோசஃப் பெர்னார் என்ற சக கடற்படை வீரரோடு லோத்திக்கு ஆழமான நட்பு. அது முறிந்தபோது உடைந்தே போனார். அதன் பிறகு உடற்பயிற்சியில் வெறியோடு இறங்கினார். 1876 வாக்கில் துலோன் நகர சர்க்கஸில் வித்தைக்காரராகவே மேடை ஏறினார். உடலோடு ஒட்டிய சர்க்கஸ் உடையில் எடுத்துக்கொண்ட போட்டோ இன்றும் இருக்கிறது. வெற்றுடம்போடு எடுத்த படங்களும் உண்டு.

லோத்தி குள்ளமானவர். உயரமான குதிகால் காலணி போடுவார், முகத்தில் சாயம் பூசுவார். இதையெல்லாம் வைத்து அன்றைய இலக்கிய வட்டாரம் அவரைக் கேலி செய்தது. துருக்கியர், அரபியர், எகிப்திய தெய்வம் என்று விதவிதமான வேடங்களில் படம் எடுத்துக்கொண்டார். மாறுவேடம் போட்டால்தான் தன்னையே தாங்க முடிந்த மனிதர் என்று இதைப் புரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். வெறும் விளம்பர மோகம்தான் என்பவர்களும் இருக்கிறார்கள்.

கல்லறைக் கல் சொல்வது என்ன?

கதை இங்கேதான் சிக்கலாகிறது. 'அசியாதே' நாவலில், பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் துருக்கிய அந்தப்புரப் பெண்ணைக் காதலிக்கிறார். கூடவே சாமுவேல் என்ற படகுக்காரர் வருகிறார். அவருக்கும் நாயகனுக்கும் இடையில் இருப்பது நட்பு மட்டும்தானா என்ற சந்தேகம் வாசகருக்கு வரும்படியே பல இடங்கள் இருக்கின்றன. நிஜத்தில் அந்தப் படகுக்காரரின் பெயர் டேனியல் என்கிறது லோத்தியின் டைரி. 1889-ல் பிறந்த தன் மகனுக்கு லோத்தி வைத்த பெயர் சாமுவேல்!

நாவலின் காதலி உண்மையில் ஒரு ஆண்தான் என்று எழுத்தாளர் எட்மோன் தெ கோன்கூர் தன் நாட்குறிப்பில் கிண்டலாக எழுதி வைத்தார். ஆனால், ஹாதிஜே என்ற பெண் நிஜமாகவே இருந்தார். இஸ்தான்புல்லில் இருந்த அவருடைய கல்லறைக் கல்லை லோத்தி ரகசியமாக எடுத்துவந்து, அங்கே நகல் ஒன்றை வைத்துவிட்டார். அசல் கல் ரோஷ்ஃபோர் வீட்டுக்குள் அவர் கட்டிய மசூதி அறையில் வைக்கப்பட்டது.

ஆக, ஒரு பொருள் ஒரு பக்கம் இழுக்கிறது, இன்னொரு பொருள் மறுபக்கம் இழுக்கிறது. 1886-ல் பிளான்ஷ் என்பவரைத் திருமணம் செய்தார். பாஸ்க் பகுதியைச் சேர்ந்த க்ரூசிதாவோடு இன்னொரு குடும்பமும் இருந்தது. பியேர் லெ கோர் என்ற மாலுமி மீதிருந்த பாசத்திலிருந்து, 1883-ல் 'என் சகோதரன் ஈவ்' என்ற நாவலும் பிறந்தது. ஒரே பெட்டிக்குள் அடைக்க முடியாத வாழ்க்கை.

டைரியை வெட்டியது ஏன்?

இளமையிலிருந்து 1918 வரை லோத்தி டைரி எழுதினார். ஆனால் அதில் பல இடங்கள் பின்னாளில் வெட்டவும் அடிக்கவும் பட்டிருக்கின்றன. இல்லாத பக்கமும் ஒரு சாட்சிதான். ஆனால் எதற்கான சாட்சி? காதலா, கடனா, குடும்ப மானமா? அதை நாமே இட்டு நிரப்பிக்கொண்டால் அது வரலாறு ஆகாது.

சட்டம் என்ன சொன்னது?

இதில் புதுச்சேரிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பிரான்ஸ் 1791-லேயே தன்பாலுறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. பிரெஞ்சு தண்டனைச் சட்டமே புதுச்சேரியிலும் நடந்தது. எல்லையைத் தாண்டினால் பிரிட்டிஷ் இந்தியாவில் 1860-ல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு. புதுச்சேரி 1962-ல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிறகு அந்தப் பிரிவு இங்கேயும் வந்தது. வயது வந்தோரின் சம்மத உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பர் 6 அன்றுதான்.

அப்படியானால் லோத்திக்கு என்ன பயம்? சட்டம் இல்லை என்பதால் கேலியும் இல்லை என்று ஆகிவிடாது. கடற்படைப் பதவி, அகாதமி நாற்காலி, குடும்பப் பெயர் எல்லாமே ஊர் வாயில்தான் இருந்தன. 1895-ல் லண்டனில் ஆஸ்கார் வைல்டு சிறைக்குப் போனதை ஐரோப்பா முழுக்கப் பார்த்தது.

இப்போது அந்த வீட்டில் என்ன இருக்கிறது?

லோத்தி 1923 ஜூன் 10 அன்று இறந்தார். அரசு மரியாதையோடு ஒலெரோன் தீவில் குடும்ப வீட்டுத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ரோஷ்ஃபோர் வீட்டை மகன் சாமுவேல் 1969-ல் நகராட்சிக்கு விற்றார். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணத் தெரு வீடு. உள்ளே துருக்கிய அறை, மசூதி, கோதிக் கூடம் என்று ஒவ்வொரு கதவும் ஒரு நாட்டுக்குத் திறக்கும். ஆனால் அவருடைய சொந்தப் படுக்கையறை மட்டும் துறவியின் அறை மாதிரி வெள்ளையடித்த சுவர்களோடு எளிமையாக இருக்கும்.

அவரை இன்றைய சொல் ஒன்றால் அழைக்க நமக்கு உரிமை இல்லை. அவர் தன்னை அப்படி அழைத்துக்கொள்ளவில்லை. அதே சமயம், சர்க்கஸ் போட்டோவுக்குக் கீழே வெறுமனே விளையாட்டு ஆர்வம் என்று எழுதி வைப்பதும் பொய்தான். ஜோசஃபின் பெயரையும் டேனியலின் பெயரையும் ஹாதிஜேயின் கல்லுக்குப் பக்கத்திலேயே எழுதி வைப்பதுதான் நேர்மை. நம் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியில், தாத்தாவின் தோளில் கைபோட்டு நிற்கும் பெயர் தெரியாத நண்பரின் படம் கிடைத்தாலும் இதே முறைதான் பொருந்தும். முதலில் அவர் பெயர் என்ன என்று கேட்டு, படத்தின் பின்னால் எழுதி வையுங்கள். முடிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.