இன்சூரன்ஸ் கார்டு வாங்கப் போகும் கலெக்டர் ஆபீஸுக்கு இவர் பெயர் ஏன்? யார் இந்த சிங்காரவேலர்?

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் மக்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்காகப் போகும் ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸின் பெயர் சிங்காரவேலர் மாளிகை. யார் அவர்?

1860-ல் சென்னை மீனவர் குடும்பத்தில் பிறந்தவர் ம.சிங்காரவேலர். வக்கீலாக நல்லா சம்பாதித்தவர், ஒத்துழையாமை இயக்கத்தின்போது 1921-ல் தொழிலையே விட்டார். 1923 மே 1-ல் ஐகோர்ட் எதிரே உள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணியிலும் மே தினக் கூட்டம் நடத்தினார். இந்தியாவின் முதல் மே தினம் அதுதான்.

1928-ல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம். 68 வயதில் கைதானார். 10 ஆண்டு தண்டனை, அப்பீலில் 18 மாதமாகக் குறைந்தது. வெளியே வரும்போது வயசு 70. அதன்பிறகும் ஓயவில்லை. 1946 பிப்ரவரி 11-ல் காலமானார்.

தொழிலாளிக்கு மருத்துவப் பாதுகாப்பு தரும் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது 1948-ல். அதை அவர் பார்க்கவில்லை.

இன்று பெரியவர்களுக்கு என்ன கிடைக்கும்?

முதலமைச்சர் காப்பீடு: குடும்ப ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்கணும். வயது வரம்பு இல்லை, பிரீமியம் கட்ட வேண்டாம். ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று வேண்டும்.

இ.எஸ்.ஐ.: குறைந்தது 5 ஆண்டு இ.எஸ்.ஐ.யில் இருந்து, வயது முடிந்து ஓய்வு பெற்றவரா? வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் உங்களுக்கும் துணைக்கும் இ.எஸ்.ஐ. சிகிச்சை தொடரும். ரிட்டயர் ஆன பலர் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை. உங்க வீட்டுப் பெரியவர் பழைய கம்பெனித் தொழிலாளியா? அவரோட இ.எஸ்.ஐ. நம்பரை இன்றே தேடி எடுங்க.