வணிகர், உழவர், நகரசபை உறுப்பினர்: மகாத்மா ஜோதிராவ் பூலே

மகாத்மா ஜோதிராவ் பூலே என்றவுடன், பெண்களுக்குப் பள்ளி கண்டவர், அண்ணல் அம்பேத்கர் தம் மூன்று ஆசான்களுள் ஒருவராகப் போற்றிய பெருமகனார் என்பனவே நம் நினைவுக்கு வரும். அணையும் பாலமும் எழுப்பும் ஒப்பந்தத் தொழிலில் அவர் பொருளீட்டினார் என்பதை நம் இளைஞர்களுள் பலர் அறியார். 1882ஆம் ஆண்டு ஹண்டர் கல்விக் குழுவினருக்கு அளித்த விண்ணப்பத்தில், வணிகர், உழவர், நகரசபை உறுப்பினர் என்றே அவர் தம்மைக் குறித்துக்கொண்டார். அம்மூன்று சொற்களையும் சற்று விரித்துரைப்பதே நம் நோக்கம்.

1827ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் பூனாவில், பூவும் காய்கறியும் பயிரிடும் மாலி வகுப்பில் அவர் பிறந்தார். நம் வகுப்பினர் அல்லர். எனினும் நம் மக்களுக்காகத் தம் வகுப்பாரின் பகையைத் தேடிக்கொண்டவர். 1848இல் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார். துணைவியார் சாவித்திரிபாய் அங்கே ஆசிரியையானார். அடுத்த சில ஆண்டுகளில் மகார், மாங் ஆகிய தீண்டப்படாதோர் எனப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் அமைந்தன. ஊரார் சினத்துக்கு அஞ்சிய தந்தையார், மகனையும் மருமகளையும் வீட்டை விட்டு வெளியேற்றினார். பரம்பரைத் தோட்டத்தை நம்பியிருக்க இனி வழியில்லை. பிறர் நன்கொடையை மட்டும் நம்பின், நன்கொடையாளர் முகம் கோணும்போது பள்ளிக் கதவும் சாத்தப்படும். ஆகவே தம் கையாலேயே பொருள் தேடவேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது.

உலோக வார்ப்படத் தொழிலுக்குரிய கருவிகளை விற்கும் வணிகம் செய்தார். பூனா கமர்ஷியல் அண்டு கான்ட்ராக்டிங் கம்பெனி என்னும் நிறுவனத்தில் தலைமைப் பொறுப்பேற்றுக் கட்டுமான வேலைகளை நடத்தினார். எரவாடாப் பாலத்துக்குக் கல்லும் சுண்ணாம்பும் அனுப்பினார். முட்டா ஆற்றின் குறுக்கே கடக்வாசலாவில் எழுந்த பேரணையின் பணியிலும் பங்குகொண்டார். மாஞ்சரியில் நிலம் வாங்கி வேளாண்மையும் செய்தார்.

காலிங்கராயன் வாய்க்காலின் கரையிலும், 1955இல் முடிவுற்ற பவானிசாகர் அணையின் அண்மையிலும் வாழும் நமக்கு இவ்விடத்தில் ஒரு சொல் கூறத் தோன்றுகிறது. அணையின் பெயர்ப்பலகையில் மண்சுமந்தவன் பெயர் இராது. பூலே அவனைக் கண்டார். பொதுப்பணித் துறையின் அலுவலர் சிலர் பொய்க்கணக்கு எழுதுவதையும், கூலியாளின் வயிற்றிலடிப்பதையும் ஒப்பந்தக்காரர் என்ற முறையில் அருகிருந்து பார்த்தவர் அவர். பார்த்ததை நூலிலும் எழுதினார். தண்ணீர் வரியை வாங்கும் துறை, உரிய காலத்தில் தண்ணீர் விடுவதில்லை என்று 1883இல் இயற்றிய உழவனின் சாட்டை என்னும் நூலில் குறை கூறினார். படைவீரரையும் காவலரையும் கொண்டு சிற்றணைகள் கட்டலாமே என்றும் அதில் யோசனை சொன்னார். கல்லும் நீரும் கையாண்டவருக்கே தோன்றக்கூடிய யோசனை இது.

ஈட்டிய செல்வத்தை அவர் பூட்டி வைக்கவில்லை. 1863இல் ஆதரவற்ற விதவையருக்கு இல்லம் கண்டார். 1868இல் தம் வீட்டு நீர்த்தொட்டியைத் தீண்டப்படாதோர்க்குத் திறந்துவிட்டார். 1873இல் சத்திய சோதக சமாஜத்தை நிறுவினார். பம்பாயில் ஒப்பந்தத் தொழில் செய்த தெலுங்கர் பலர் அதற்குப் பொருளுதவி செய்தனர். தொழில்வழி அமைந்த நட்பு இயக்கத்துக்கும் பயன்பட்டமை நாம் கருதத்தக்கது. நம் கொங்கு நாட்டையும் வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது, பூனாப் பகுதியில் பசித்த குழந்தைகளுக்கு உணவளிக்க ஏற்பாடு செய்தார்.

1876 முதல் 1882 வரை பூனா நகரசபையில் நியமன உறுப்பினராக அமர்ந்தார். ஒப்பந்தத் தொழில் செய்வோருக்கு அரசின் தயவு இன்றியமையாதது. ஆட்சியாளரைப் பகைத்தால் அடுத்த வேலை கிடைப்பது அரிது. இது பூலே அறியாததன்று. 1880இல் வைசிராய் லிட்டன் பிரபு பூனாவுக்கு வருகை தந்தபோது, வரவேற்பு அலங்காரத்துக்கு ஆயிரம் ரூபாய் செலவிட நகரசபை எண்ணியது. அத்தொகையை ஏழைகளின் கல்விக்குச் செலவிடலாம் என்றார் பூலே. நியமன உறுப்பினர் முப்பத்திருவருள் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே. தீர்மானம் நிறைவேறிவிட்டது, ஆயினும் அந்த ஒற்றை வாக்கை வரலாறு மறக்கவில்லை. நகரில் மதுக்கடைகள் பெருகுவதையும் அவர் எதிர்த்தார்.

ஹண்டர் குழுவினரிடம் அவர் வைத்த வழக்கும் இவ்வகையினதே. உழவனின் உழைப்பிலிருந்து பெறும் வரிப்பணம் மேல்வகுப்பாரின் உயர்கல்விக்குச் செல்கிறது. உழவன் பிள்ளைக்கோ எழுத்தறிவும் இல்லை. ஆகவே குறைந்தது பன்னிரண்டு வயது வரை தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கவேண்டும் என்று கோரினார். கணக்குத் தெரிந்த வணிகரின் வாதம் அது.

1888 மார்ச்சில் கன்னாட் கோமகனுக்கு நடந்த விருந்தில், செல்வரும் அதிகாரிகளும் அணிமணியோடு வீற்றிருக்க, பூலே எளிய குடியானவன் உடையில் நுழைந்தார். இந்த அவையினரைக் கொண்டு இந்தியாவை மதிப்பிட வேண்டாம், சிற்றூர்களைச் சென்று காண்க என்று கோமகனிடம் உரைத்தார். அவ்வாண்டு மே மாதம் பம்பாய் மக்கள் மகாத்மா என்னும் பட்டம் சூட்டினர். சில திங்களில் பக்கவாதம் தாக்கி வலக்கை செயலிழந்தது. இடக்கையால் எழுதி இறுதி நூலை முடித்தார்.

அதற்குள் கையிருப்பு கரைந்துபோயிற்று. பல்லாயிரம் ரூபாய்க் கணக்கைப் பார்த்தவரின் மருத்துவத்துக்கு நண்பர்கள் பொருள் திரட்டவேண்டியதாயிற்று. அவர்களுள் ஒருவர் பரோடா மன்னருக்கும் எழுதினார். 1890 நவம்பர் 28ஆம் நாள் பூலே மறைந்தார். இறுதி ஊர்வலத்தில் தீச்சட்டி ஏந்தும் உரிமை யாருக்கு என உறவினர் வழக்கிட்டபோது, சாவித்திரிபாய் அம்மையார் தாமே அதனை ஏந்தி முன்னே நடந்தார்.