வானநூலறிஞர் வைணு பாப்பு

கோவையினின்று சென்னைக்குப் புகைவண்டியிற் செல்லும் நம்மவர், ஜோலார்பேட்டையைக் கடந்து வாணியம்பாடியை அணுகுங்கால் வலப்புறத்தே ஜவ்வாது மலைத்தொடரைக் காண்பர். அம்மலையகத்துக் காவலூரைத் தொலைநோக்கிகளின் இருப்பிடமாக்கிய வைணு பாப்புவின் வரலாற்றை ஈண்டுச் சிறிது உரைப்போம்.

இவர் 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் சென்னையிற் பிறந்தார். தந்தையார் ஹைதராபாத் நிஜாமியா வானாராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்தவராதலின், விண்மீன்கள் இவருக்கு இளமையிலேயே உறவாயின. ஹார்வர்டிற் பயிலுங்கால், 1949-இல், வால்மீன் ஒன்றைக் கண்டார். அஃது இவர் பெயரையும் வேறிருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. அமெரிக்காவிலேயே தங்கியிருப்பின் உலகின் சிறந்த கருவிகள் இவர் கைக்கெட்டியிருக்கும். இவரோ 1953-இல் தாயகம் மீண்டார். நைனிதாலிற் பணியாற்றியபின் 1960-இல் கோடைக்கானல் நிலையத்தின் தலைமையை ஏற்றார்.

கோடைக்கானல் ஞாயிற்றை ஆராய்தற்குப் பேர்பெற்றது. இரவு வானத்திற்கு வேறிடம் வேண்டுமெனத் தேடிக் காவலூரைத் தெரிந்தார். கோடைக்கானற் பட்டறையிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கி 1968-இல் அங்கே நிறுவப்பெற்றது. 1972-இல் ஜெர்மனியிலிருந்து 102 செ.மீ. தொலைநோக்கி வந்தது.

அவ்வாண்டு ஜூன் 7-ஆம் நாள் வியாழனின் பெருந்துணைக்கோளாகிய கானிமீடு ஒரு விண்மீனை மறைத்தது. காற்றற்ற கோளாயின் மீனொளி விளக்கணைத்தாற்போலச் சட்டென மறையவேண்டும். அவ்வாறன்றிப் படிப்படியாகக் குன்றியதைக் காவலூராரும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலிருந்து நோக்கியோரும் குறித்தனர். கானிமீடுக்கு வாயுமண்டலம் உண்டெனத் துணிந்தனர். தமிழகத்து மலையொன்றிலிருந்து இத்தனை தொலைவிலுள்ள ஓருலகின் காற்றை ஆராயலாமென்பதை எண்ணி நாம் வியவாதிருத்தல் எங்ஙனம்?

ஆயின் கதை அத்துடன் முடியவில்லை. 1979-இல் வாயேஜர் 1 விண்கலம் அருகே சென்று, அதே மறைப்பு முறையைக் கையாண்டு, அவ்வாயு முன்னர்க் கணித்ததினும் பன்மடங்கு மெல்லியதாகவே இருத்தல்வேண்டுமெனக் காட்டிற்று. பின்னர் ஹப்பிள் தொலைநோக்கி அங்கே மிக மெல்லிய பிராணவாயுவைக் கண்டது. காவலூரின் பெருமை பேசுவோர் இதனை விட்டுவிடுவதுண்டு. விடுதல் தகாதென்பது எம் கருத்து. கானிமீடையே சுற்றிவந்து ஆராயுங் கருவிகளைத் தாங்கிய ஜூஸ் விண்கலத்தை ஐரோப்பியர் 2023 ஏப்ரலில் ஏவினர்.

1977-இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அதன் வளையங்களின் சுவடும் காவலூரிற் பதிவாயிற்று. 1979-இல் சர்வதேச வானியற் சங்கத்தின் தலைவராகப் பாப்பு தேர்ந்தெடுக்கப்பெற்றார். எனினும் அவர் மனம் நாடியது மற்றொன்று: நம் நாட்டிலேயே உருவாகும் 234 செ.மீ. தொலைநோக்கி. அதன் வேலை நடந்துகொண்டிருக்கையில், 1982 ஆகஸ்டு 19-ஆம் நாள், மியூனிக் நகரிற் காலமானார். 1986 ஜனவரி 6-ஆம் நாள் அத்தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கிக் காவலூரில் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பெற்றது.