தண்ணீர்த் தொட்டியைத் திறந்த குடும்பம்
சாவித்திரிபாய் புலேயின் வாழ்க்கை

புனே புதவார் பேட்டையில் தக்டுசேட் கணபதி கோவிலுக்கு எதிரே பிடேவாடா என்ற பழைய வீடு ஒன்று இருந்தது. இடிந்து சரிந்து கிடந்த அதை, நினைவகம் கட்டுவதற்காக 2023 டிசம்பரில் அகற்றிவிட்டார்கள். அந்த வீட்டில்தான் 1848ல் ஜோதிராவ் புலே பெண் குழந்தைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். பாடம் சொல்லித்தர வந்தவர் அவருடைய மனைவி சாவித்திரிபாய். அப்போது அவருக்கு வயது 17.

சதாரா மாவட்டத்து நாய்காவில் 1831 ஜனவரி 3ம் தேதி பிறந்தவர் சாவித்திரிபாய். ஒன்பது வயதில் கல்யாணமாகிப் புனே வந்தபோது எழுத்து வாசனை கிடையாது. கணவரே எழுத்தறிவித்தார். பெண் படிப்பதே பாவம் என்றிருந்த காலத்தில், பெண்ணே வாத்தியாராகத் தெருவில் நடந்தால் கேட்கவா வேண்டும்? ஆசாரம் மிக்கவர்கள் அவர் மீது சாணியையும் சேற்றையும் எறிந்தார்கள். அம்மையார் கையோடு இன்னொரு புடவையை எடுத்துப்போய், பள்ளியில் அழுக்குப் புடவையை மாற்றிக்கொண்டு பாடம் நடத்துவார். சுத்தத்தின் பெயரால் சாணி எறிந்தவர்களையும் அந்த நகரம் கண்டது. 1849ல் மாமனார் வீட்டிலிருந்தும் தம்பதிகள் வெளியேற நேர்ந்தது.

வெளியிலிருந்து வந்ததும் கை கால் கழுவிவிட்டு உள்ளே வா என்று பிள்ளைகளைச் சொல்வது நம் ஊர் வழக்கம். வாசலில் செம்பில் தண்ணீர் இருக்கும். செம்பே நிரம்பாத வீட்டில் அந்தப் பழக்கத்தை எப்படிப் பழக்குவது? அன்றைய புனேயில் தாழ்த்தப்பட்டோரின் நிலை அதுதான். காத்ரஜ் ஏரியிலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியே நகருக்குள் தண்ணீர் கொண்டுவந்து தொட்டிகளை நிரப்பும் ஏற்பாடு பேஷ்வா காலத்திலேயே இருந்தது. ஆனால் தாழ்த்தப்பட்டவர்கள் அந்தத் தொட்டிகளைத் தொடக்கூடாது. யாராவது இரங்கி ஊற்றினால்தான் உண்டு. தண்ணீரையும் மறுத்துவிட்டு, அந்தக் குழந்தைகளை அழுக்கர்கள் என்று ஏசியது உலகம்.

1868ல் புலே தம்பதிகள் கஞ்ச் பேட்டையில் தங்கள் வீட்டுத் தண்ணீரைத் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். வந்து மொண்டுகொள்ளலாம் என்று ஒரு குடும்பம் சொன்னது, அவ்வளவே. அந்த நாளில் இது பள்ளிக்கூடம் திறந்ததற்குச் சற்றும் குறையாத புரட்சி. சோப்பும் பாடப் புத்தகமும் பிறகு வரலாம். முதலில் தண்ணீர் வரவேண்டும். ஒரே பொதுக் குழாயில் குடத்தோடு வரிசையில் நிற்கும் சால் வீட்டுத் தாய்மாருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அக்காலத்தில் கை கழுவுவதன் அருமையைப் படித்தவர்களே அறிந்திருக்கவில்லை. பிடேவாடா பள்ளிக்கு முந்திய ஆண்டு, 1847ல், வியன்னா நகர ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவம் பார்க்குமுன் குளோரின் கலந்த நீரில் கை கழுவியே ஆகவேண்டும் என்று விதித்தார். அங்கு நூற்றுக்குப் பத்துக்கு மேல் மாண்டுகொண்டிருந்த தாய்மார் சாவு, 1848ல் நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே இறங்கியது. அப்படியும் பெரிய டாக்டர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. கிருமிதான் காரணம் என்று நிலைநாட்டப்படப் பல ஆண்டுகள் ஆயின.

குழந்தைகளின் உயிர்தான் அம்மையாரின் தீராத கவலை. 1863ல், கைம்பெண்களுக்குப் பிறக்கும் சிசுக்கள் கொல்லப்படாமல் காக்கத் தம்பதிகள் ஓர் இல்லம் நடத்தினார்கள். அப்படிப் பிறந்த ஒரு குழந்தையைத் தத்தெடுத்து யஷ்வந்த் என்று வளர்த்தார்கள். அவரே பின்னாளில் டாக்டரானார். தமிழ்நாட்டைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டிய அதே காலத்தில் மராட்டியத்திலும் பஞ்சம். தனக்கவாடியில் குழந்தைகளுக்கு உணவிடும் விடுதி நடந்தது. 1890 நவம்பர் 28ல் ஜோதிராவ் காலமானபோது, சவ ஊர்வலத்தின் முன்னே தீச்சட்டி ஏந்தி நடந்தவர் சாவித்திரிபாய்தான்.

1896ல் பம்பாயில் தோன்றிய பிளேக், அடுத்த ஆண்டு புனேயைப் பிடித்தது. எலியின் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சி அதைப் பரப்புகிறது என்பதை அப்போது யாரும் அறியார். சிமோண் என்ற பிரெஞ்சு டாக்டர் அதைக் கண்டது 1898ல். கை கழுவுவதால் மட்டும் தடுத்துவிடக்கூடிய நோயும் அல்ல அது. பிளேக் அதிகாரி ராண்டின் ஆட்சியில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனையிட, ஜனங்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தார்கள். ராண்ட் அந்த ஜூன் மாதமே சாபேக்கர் சகோதரர்களால் சுடப்பட்டார் என்பது வேறு கதை.

இந்தப் பிளேக் காலத்தில் சாவித்திரிபாய், மகன் டாக்டர் யஷ்வந்தை வரவழைத்து, ஹடப்சர் பக்கம் ஊருக்கு வெளியே திறந்த வெளியில் நோயாளிகளுக்கு ஒரு மருத்துவ முகாம் அமைக்கச் செய்தார். வயது 66. தாமே போய் நோயாளிகளை அழைத்துவந்தார். முண்ட்வாவில் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பில் ஒரு சிறுவனுக்கு நோய் கண்டிருப்பதை அறிந்து, அவனைத் தம் முதுகில் தூக்கிக்கொண்டு முகாமுக்கு வந்தார். மற்றவர்கள் தொட்டால் தீட்டு என்று ஒதுக்கிய பிள்ளை அவன். நோய் அம்மையாரையும் தொற்றியது. 1897 மார்ச் 10ம் தேதி காலமானார்.

2014ல் புனே பல்கலைக்கழகம் அவர் பெயரைப் பெற்றது. கஞ்ச் பேட்டை வீடு இன்று புலேவாடா என்ற நினைவகம். முற்றத்தில் அந்தக் கிணறு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டலாம்.