தெய்வங்களுக்குச் சேலை உடுத்திய ஓவியர்

திருவனந்தபுரம் சாலை பஜாரில் பல கடைகளில் கல்லாப் பெட்டிக்கு மேலே ஒரு லட்சுமி படம் மாட்டியிருக்கும். தாமரை மேல் நின்ற கோலம், நான்கு கைகள், ஜரிகைக் கரையிட்ட சேலை, பக்கத்தில் யானை. வீட்டுக்குப் போனால் பூஜை மாடத்தில் சரஸ்வதி. வெள்ளைச் சேலை, மடியில் வீணை, அருகே மயில்.

லட்சுமியும் சரஸ்வதியும் இப்படித்தான் இருப்பார்கள் என்று நாம் நினைக்கிறோம். பிறந்தது முதல் பார்த்துப் பழகிய முகங்கள் அல்லவா! ஆனால் இந்தக் கோலம் வீடு வீடாகப் பரவத் தொடங்கிச் சுமார் 130 ஆண்டுகளே ஆகின்றன. அதைப் பரப்பியவர் இந்த நகரத்துக்கு வடக்கே சுமார் 40 கிலோ மீட்டரில் உள்ள கிளிமானூரில் பிறந்த ராஜா ரவி வர்மா.

கரித்துண்டும் சுவரும்

ரவி வர்மா 1848-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி கிளிமானூர் அரண்மனையில் பிறந்தார். தாயார் உமயாம்பா தம்புராட்டி கவி பாடத் தெரிந்தவர். தந்தை நீலகண்டன் பட்டதிரிப்பாடு சமஸ்கிருத பண்டிதர்.

சிறு வயதில் கையில் கரித்துண்டு கிடைத்தால் போதும், அரண்மனைச் சுவர் முழுவதும் யானையும் குதிரையுமாக நிரப்பிவிடுவார். வேலைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். தாய்மாமன் ராஜராஜ வர்மா மட்டும் பையனின் கைத்திறனைக் கண்டுகொண்டார். அவரும் ஓவியரே. மதுரையிலிருந்து திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த அழகிரி நாயுடுவிடம் பயின்றவர். ஆகவே ரவி வர்மாவின் முதல் பாடத்திலேயே தமிழ்நாட்டின் தொடர்பு இருந்தது.

1862-ல், 14 வயதுப் பையனை மாமன் திருவனந்தபுரத்துக்கு அழைத்து வந்து ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் முன் நிறுத்தினார். மகாராஜாவுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. நகரிலேயே தங்கிப் படம் எழுத உத்தரவாயிற்று.

கற்றுத் தராத ஆசிரியர்கள்

எண்ணெய் வண்ணத்தில் எழுதும் மேனாட்டு முறை அப்போது இங்கே புதிது. அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கருக்கு அது தெரியும். ஆனால் அவர் ரவி வர்மாவுக்குக் கற்றுத் தர விரும்பவில்லை. தம் இடத்துக்குப் போட்டி வந்துவிடும் என்று நினைத்திருக்கலாம். அவரிடம் வேலை செய்த ஆறுமுகம் பிள்ளை என்பவர்தான், குருவுக்குத் தெரியாமல் இரவில் வந்து வண்ணம் குழைக்கும் வகையைச் சொல்லிக் கொடுத்தார் என்பார்கள்.

1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவைப் படம் எழுத வந்தார். அவரும் கற்றுத் தர இசையவில்லை. தாம் எழுதும்போது நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். அந்த அனுமதியே ரவி வர்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. பகலில் பார்த்ததைத் தனியே எழுதிப் பார்த்தார். தவறினால் மறுபடி எழுதினார்.

1870-ல் மூகாம்பிகை கோயிலுக்குச் சென்று 41 நாள் விரதம் இருந்து திரும்பினார். வழியில் கோழிக்கோட்டில் ஒரு குடும்பத்தைப் படமாக எழுதினார். பணம் பெற்று எழுதிய முதல் படம் அதுவே.

பிறகு ஏறுமுகந்தான். 1873-ல் சென்னைக் கண்காட்சியில், கூந்தலுக்குப் பூச்சூடும் நாயர் பெண்ணின் படத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. வியன்னா கண்காட்சியிலும் அது பரிசு பெற்றது. மறு ஆண்டு, வாத்தியம் வாசிக்கும் தமிழ்ப் பெண்ணின் படத்துக்கு மீண்டும் பதக்கம். 1876-ல் வெளியான சகுந்தலை கடிதம் எழுதும் படத்தைச் சென்னை கவர்னரே விலைக்கு வாங்கிக்கொண்டார்.

எந்த உடை?

பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெயிக்வாட் 1888-ல் தம் புதிய அரண்மனைக்கு 14 புராணப் படங்கள் கேட்டார். நளனும் தமயந்தியும், சந்தனுவும் கங்கையும், அரிச்சந்திரனும் தாராமதியும் என்று பட்டியல் நீண்டது. ரவி வர்மா ஒப்புக்கொண்டார். ஆனால் தூரிகையை எடுக்கும் முன்பே ஒரு கேள்வி வழி மறித்தது. இவர்கள் எல்லாம் என்ன உடுத்தியிருப்பார்கள்?

தஞ்சாவூர்ப் படங்களில் தெய்வங்கள் தங்க ரேக்கும் கல்லும் பதித்து நிற்கும். கேரளக் கோயில் சுவர்களில் பெரிய கிரீடமும் விரிந்த கண்களுமாகத் தோன்றும். கற்சிலைகளில் இடுப்புக்கு மேல் நகைகள் மட்டுமே. கதகளியில் இன்னொரு கோலம். இவற்றில் எதை எடுத்துக்கொள்வது?

விடை தேடித் தம்பி சி.ராஜராஜ வர்மாவுடன் ரவி வர்மா நாட்டைச் சுற்றப் புறப்பட்டார். ஊர் ஊராகச் சென்று கோயில்களையும் பழஞ்சிலைகளையும் மக்களின் நடை உடைகளையும் பார்த்தார். ராமாயண, மாபாரத காலத்து உடை இதுதான் என்று காட்டக் கூடிய ஒன்றும் அகப்படவில்லை. ஊருக்கு ஒரு துணி, ஊருக்கு ஒரு கட்டு.

முடிவை அவரே செய்ய வேண்டியதாயிற்று. பெண்களுக்குச் சேலை என்று தீர்மானித்தார். நடக்க, குனிய, திரும்பச் சேலையின் மடிப்பு படத்துக்கு உயிர் தரும் என்பதைக் கண்டார். மராட்டியப் பெண்களின் கட்டு அவரை மிகவும் கவர்ந்தது. நகைகளைப் பல பகுதிகளிலிருந்தும் எடுத்துச் சேர்த்தார்.

இதன் கனத்தை உணர அக்காலத் திருவிதாங்கூரை எண்ணிப் பார்க்க வேண்டும். யார் எதை உடுத்தலாம் என்பதை ஜாதி தீர்மானித்த காலம் அது. இன்றைய குமரி மாவட்டப் பகுதியில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். 1859-ல் அரசர் அனுமதி தந்தார். அப்போதும் மேல் ஜாதிப் பெண்களைப் போல் உடுத்தலாகாது என்று நிபந்தனை இருந்தது. அந்த ஆண்டு ரவி வர்மாவுக்கு 11 வயது. அப்படிப்பட்ட நாட்டில் வளர்ந்தவர் தெய்வங்களுக்குத் தேர்ந்தெடுத்தது எந்த ஒரு ஜாதிக்கும், எந்த ஒரு ஊருக்கும் மட்டும் உரியதல்லாத உடை.

14 படங்களும் முடிந்ததும் முதலில் திருவனந்தபுரத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டன. பிறகு பரோடாவுக்கும் பம்பாய்க்கும் சென்றன. அங்கே மக்கள் திரள் திரளாக வந்து பார்த்தார்கள். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு வேறு 10 படங்கள் போயின. பதக்கங்கள் கிடைத்தன.

சாமானியர் வீட்டில்

அரண்மனைச் சுவரில் தொங்கும் படம் எத்தனை பேருக்குப் பயன்படும்? கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி.மாதவராவ், படங்களை அச்சிட்டு எல்லோருக்கும் கிடைக்கச் செய்யலாம் என்று முன்பே யோசனை கூறியிருந்தார்.

1894-ல் பம்பாயில் ரவி வர்மாவின் அச்சகம் தொடங்கியது. ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களும் தொழில் தெரிந்தவர்களும் வந்தார்கள். ஒரு படத்துக்கு ஒரு கல் போதாது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல் வேண்டும். ஒரே தாள் ஒவ்வொரு கல்லின் மேலும் ஏறி இறங்க வேண்டும். சிறிது நகர்ந்தாலும் முகம் கெட்டுவிடும். இவ்வளவு வேலை செய்து வந்த படம் சாமானியரும் வாங்கும் விலையில் விற்றது.

கோயிலுக்குள் நுழைய உரிமை இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் இருந்த காலம் அது. தாளில் அச்சான தெய்வத்துக்குத் தீட்டு இல்லை. வாசல் காவல் இல்லை. வாங்கியவர் வீட்டுச் சுவரில் அது நின்றது.

ஆனால் அச்சகம் அவருக்கு லாபம் தரவில்லை. பம்பாயில் பிளேக் நோய் பரவியது. தொழிற்சாலையை லோனாவ்லா அருகே மளவ்லிக்கு மாற்றினார்கள். கடன் ஏறியது. கடைசியில் அங்கு வேலை பார்த்த ஷ்லைகர் என்ற ஜெர்மானியருக்கே அதை விற்றுவிட்டார். படங்கள் மட்டும் தொடர்ந்து அச்சாகிக்கொண்டிருந்தன.

குறை சொன்னவர்களும் உண்டு

இவை நாடகக் காட்சிகள் போல் இருக்கின்றன, தெய்வத் தன்மை இல்லை என்று ஆனந்த குமாரசாமி போன்ற அறிஞர்கள் கண்டித்தார்கள். அந்தக் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லாத் தெய்வங்களுக்கும் ஒரே வகை வெளுத்த முகம் வந்தது. ஊருக்கு ஊர் வேறாக இருந்த கோலங்கள் பின்னுக்குப் போயின. ஆயினும் மக்கள் கை கூப்பியது இந்தப் படங்களின் முன்னேதான்.

அவர் வழியில் பலர் வந்தார்கள். ரவி வர்மா அச்சகத்தில் வேலை செய்த பால்கே 1913-ல் அரிச்சந்திரன் கதையைச் சினிமாவாக எடுத்தார். கோவில்பட்டி கொண்டையராஜுவும் சீடர்களும் எழுதிய தெய்வங்கள் சிவகாசி காலண்டர்களாக ஊரெங்கும் போயின. 1967-ல் தொடங்கிய அமர் சித்திரக் கதைப் புத்தகங்களிலும் அந்தச் சாயலைக் காணலாம்.

கடைசி நாட்கள்

நிழல் போல் உடனிருந்த தம்பி ராஜராஜ வர்மா 1905-ன் தொடக்கத்தில் காலமானார். ரவி வர்மா ஒடிந்துபோனார். நீரிழிவு நோய் வேறு வாட்டியது. 1906 அக்டோபர் 2-ந் தேதி, பிறந்த கிளிமானூரிலேயே கண் மூடினார்.

அவருடைய பேத்தியின் மகன்தான் திருவிதாங்கூரின் கடைசி மகாராஜா சித்திரைத் திருநாள். 1935-ல் திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் சித்திராலயத்தைத் திறந்து, கொள்ளுப் பாட்டனாரின் ஓவியங்களைப் பொது மக்கள் பார்க்க வைத்தார். மறு ஆண்டு, 1936-ல், எல்லா இந்துக்களுக்கும் கோயில் கதவைத் திறந்துவிட்டார். 2023-ல் அதே வளாகத்தில் ரவி வர்மாவின் பெயரால் தனிக் கூடமும் வந்தது. அன்னத்தோடு பேசும் தமயந்தியை இந்நகரிலேயே நேரில் பார்க்கலாம்.

கோயில் கதவு திறந்தது 1936-ல். அதற்கு நாற்பது ஆண்டு முன்பே ரவி வர்மாவின் லட்சுமி அதே மக்களின் வீட்டுக்குள் வந்துவிட்டாள், அவர்கள் வீட்டுப் பெண்களும் உடுத்தக் கூடிய ஒரு சேலையில்.