8 மணி நேர வேலைக்காகப் போராடிய வ.சுப்பையா... ரசாயன ஆபத்தை அளக்கும் கணக்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

லாஸ்பேட்டையில் பாலிடெக்னிக் முடித்து வெளியே வரும் இளைஞர்கள் முதல் வேலை தேடும் இடங்களில் பக்கத்திலேயே இருக்கும் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையும் ஒன்று. எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் பெயின்ட், தின்னர், ஆசிட் என ஏதாவது ஒரு ரசாயனத்தின் பக்கத்தில் நிற்க வேண்டி வரலாம்.

காற்றில் அந்த ரசாயனம் எவ்வளவு வரை இருக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு 8 மணி நேர வேலையை வைத்துப் போடப்பட்டது. புதுச்சேரியில் அந்த 8 மணி நேரம் சும்மா வரவில்லை. 12 உயிர்கள் போன பிறகு வந்தது. அந்தப் போராட்டத்தின் முகம், 'மக்கள் தலைவர்' வ.சுப்பையா.

யார் இந்த சுப்பையா?

1911 பிப்ரவரி 7-ல் புதுச்சேரியில் பிறந்தவர். அப்போது இது பிரெஞ்சு ஆட்சிப் பகுதி. இளம் வயதிலேயே அரசியலுக்கு வந்துவிட்டார். தீண்டாமை ஒழிப்புக்காக ஹரிஜன சேவா சங்கப் பணியில் இறங்கினார். 1934 பிப்ரவரியில் காந்தி புதுச்சேரிக்கு வந்ததில் இவருடைய முயற்சிக்குப் பெரிய பங்கு உண்டு. அதே ஆண்டு 'சுதந்திரம்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 23.

பத்திரிகை நடத்திக்கொண்டே அவர் போய் நின்ற இடம், மில் வாசல்.

மில்லுக்குள் என்ன நிலைமை?

அன்றைய புதுச்சேரியில் சவானா, ரோடியர், கெப்ளே என மூன்று பெரிய பஞ்சாலைகள் இருந்தன. பின்னாளில் சுதேசி மில், ஏ.எஃப்.டி., பாரதி மில் என்று நாம் கேட்ட பெயர்கள் இவைதான். நீண்ட வேலை நேரம், குறைந்த கூலி. பெண்களும் சிறுவர்களும்கூட வேலை பார்த்தார்கள். சங்கம் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை.

பஞ்சாலை வேலையில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பஞ்சைப் பிரிக்கும் இடத்திலும் கார்டிங் பகுதியிலும் பறக்கும் தூசி மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். இதனால் வரும் நோய்க்கு பிசினோசிஸ் என்று பெயர். வார விடுமுறை முடிந்து முதல் நாள் வேலைக்கு வந்ததும் நெஞ்சு இறுகும். ஆரம்பத்தில் மறுநாளே சரியாகிவிடும். பல வருஷம் போனால் மூச்சுத்திணறல் நிரந்தரமாகிவிடும்.

இதில் முக்கியமான விஷயம், உடம்புக்குள் போகும் தூசி காற்றில் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் பொறுத்தது இல்லை. எத்தனை மணி நேரம் அதை சுவாசிக்கிறோம் என்பதையும் பொறுத்தது. ஆக, வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்வது ஓய்வுக்கான கோரிக்கை மட்டுமல்ல, நுரையீரலுக்கான கோரிக்கையும்தான்.

1936 ஜூலை 30: என்ன நடந்தது?

1935-லேயே சவானா மில்லில் வேலைநிறுத்தம் நடந்தது. 1936-ல் போராட்டம் மீண்டும் வெடித்தது. வேலை நேரக் குறைப்பு, கூலி உயர்வு, சங்க உரிமை ஆகியவை முக்கியக் கோரிக்கைகள். ஜூலை 30 அன்று தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டது. 12 பேர் இறந்தார்கள்.

அப்போது பிரான்ஸில் லியோன் புளூம் தலைமையிலான மக்கள் முன்னணி அரசு ஆட்சிக்கு வந்திருந்தது. அங்கே தொழிலாளர்களுக்கு வாரம் 40 மணி நேர வேலை என்று சட்டமே போட்டுவிட்டார்கள். அதே கொடி பறக்கும் புதுச்சேரியில் சங்கம் கேட்டவர்களுக்குக் கிடைத்தது குண்டு.

இந்த முரண்பாட்டை நேரடியாக பாரிஸில் போய்ச் சொல்ல முடிவு செய்தார் சுப்பையா. நேருவின் ஆதரவும் அவருக்கு இருந்தது. 1937-ல் பிரான்ஸ் போய் அதிகாரத்தில் இருந்தவர்களிடம் முறையிட்டார். அந்த ஆண்டு ஏப்ரலில் பிரெஞ்சிந்தியாவுக்கான தொழிலாளர் ஆணை வந்தது. சங்க உரிமையும் வேலை நேர வரம்பும் சட்டமாகின. 8 மணி நேர வேலையை ஆசியாவிலேயே முதலில் பெற்றது இந்த ஊர்தான் என்று புதுச்சேரியில் பெருமையாகச் சொல்வார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் இந்தியாவின் 1934 தொழிற்சாலைச் சட்டம் அப்போது நாளுக்கு 10 மணி நேர வேலையை அனுமதித்துக்கொண்டிருந்தது.

சரி, 8 மணி நேரத்துக்கும் ரசாயனத்துக்கும் என்ன சம்பந்தம்?

1984 போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-ல் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. எந்த ரசாயனம் வேலையிடக் காற்றில் எவ்வளவு இருக்கலாம் என்ற பட்டியல் அதில் சேர்ந்தது. அந்த அளவுகள் 8 மணி நேர வேலைக்கான சராசரி. உலகின் பல நாடுகளிலும் இதே முறைதான்.

ஒரு உதாரணம் பார்ப்போம். பெயின்ட் தின்னரில் கலக்கப்படும் டொலுயீனுக்கு அந்தப் பட்டியல் தந்த வரம்பு 100 பி.பி.எம். அதாவது, காற்றின் 10 லட்சம் பங்கில் 100 பங்கு. அதே ஆள் 12 மணி நேரம் வேலை பார்த்தால்? உள்ளே போகும் அளவு ஒன்றரை மடங்கு. அதை உடம்பு வெளியேற்றக் கிடைக்கும் நேரமோ 16 மணியிலிருந்து 12 மணியாகக் குறைகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் தொழில் சுகாதாரக் கணக்குப்படி, வரம்பைப் பாதியாக, 50 பி.பி.எம். ஆகக் குறைக்கணும்.

சுப்பையாவோ மில் தொழிலாளர்களோ இந்தக் கணக்கைப் போடவில்லை. ஆனால் வேலை நாளுக்கு ஒரு எல்லை வந்த பிறகுதான் இப்படி ஒரு கணக்கே சாத்தியமானது.

சிறை, செனட், அமைச்சர் பதவி

ஆணை வந்த பிறகும் அவரை விடவில்லை. கைதுகள், நாடு கடத்தல், வேலூர் சிறை எனத் தொடர்ந்தது. 1947-ல் பிரெஞ்சு நாடாளுமன்ற மேலவை உறுப்பினரானார். பிறகு இந்தியாவோடு இணையும் போராட்டத்தில் நின்றார். 1950 ஜனவரியில் அவருடைய வீடு கொளுத்தப்பட்டது. 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது.

1969-ல் அமைந்த திமுக - கம்யூனிஸ்ட் கூட்டணி அரசில் வேளாண் அமைச்சரானார். பசுமைப் புரட்சியோடு பூச்சிமருந்தும் வயலுக்குள் வேகமாக வந்த காலம் அது. 1958-ல் கேரளத்தில் கப்பலில் வந்த கோதுமை மாவில் பாரத்தியான் கலந்து 100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். அதன் தொடர்ச்சியாக மத்திய அரசு 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டத்தையும் 1971-ல் அதன் விதிகளையும் கொண்டுவந்தது. பூச்சிமருந்தோடு வேலை செய்பவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை, பாதுகாப்பு உடை கட்டாயம் என்கிறது அந்த விதி. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்தைக் கையாள்பவர்களுக்கு ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவை மாதாமாதம் பார்க்கணும். நரம்பு மண்டலம் சரியாக இயங்கத் தேவையான இந்த நொதியைத்தான் அந்த மருந்து முடக்குகிறது.

சுப்பையா 1993 அக்டோபர் 12-ல் காலமானார்.

இப்போது ஏன் இது முக்கியம்?

2021 மே மாதம், கடலூர் சிப்காட்டில் ஒரு பூச்சிமருந்து ஆலையில் நடந்த விபத்தில் 4 பேர் இறந்தார்கள். புதுச்சேரியிலிருந்து அந்த இடம் ரொம்ப தூரமில்லை. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்ததால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் நாளுக்கு 8 மணி நேரம் என்றே சொல்கிறது. ஆனால் ஓவர்டைம் சேரும்போது கணக்கு மாறுகிறது. சம்பளச் சீட்டில் அந்த நேரம் ஏறும். காற்றை அளக்கும்போது அது கணக்கில் வருகிறதா என்பதுதான் கேள்வி.

ரசாயனம் உள்ள இடத்தில் வேலைக்குச் சேர்ந்தால் என்ன கேட்கணும்?

* கையாளும் ரசாயனத்தின் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேளுங்கள். 16 பகுதிகள் இருக்கும். 4-வது பகுதியில் முதலுதவி, 8-வது பகுதியில் வரம்பும் பாதுகாப்புக் கவசமும் இருக்கும்.

* பூச்சிமருந்து என்றால் லேபிளில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு அதிக விஷம். அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை.

* காற்றுத் தரத்தைக் கடைசியாக எப்போது அளந்தார்கள், எத்தனை மணி நேர ஷிஃப்டுக்கு அளந்தார்கள் என்று கேளுங்கள்.

* மாஸ்க் கடைசி வழிதான். விஷம் குறைந்த பொருளுக்கு மாறுவது, மூடிய குழாயில் கையாள்வது, காற்றை உறிஞ்சி வெளியேற்றுவது ஆகியவை முதலில் வரணும்.

* பதில் கிடைக்காவிட்டால் புதுச்சேரி தொழிற்சாலைகள் மற்றும் கொதிகலன்கள் தலைமை ஆய்வாளர் அலுவலகத்தில் புகார் தரலாம்.

சவானா, ரோடியர், கெப்ளே என்று தொடங்கிய மூன்று மில்களும் 2020-ல் மூடப்பட்டுவிட்டன. சுடப்பட்ட 12 பேருக்கு ஜூலை 30 அன்று தொழிற்சங்கங்கள் இன்றும் அஞ்சலி செலுத்துகின்றன.